மூன்று வாய்

பெண்ணைக் கொடுக்கும் முன் மூன்று வாயைக் கேள் என்பார் என் தகப்பனார். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேராக இருக்க வேண்டும். மூவரும் ஒன்றையே சொன்னால் அது உண்மை. விசாரணை முடியும்வரை அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. குடித்த தண்ணீர் கண்ணை மறைக்கும். இப்படி விசாரித்துத்தான் என் அக்காமார் இருவரையும் கட்டிக்கொடுத்தார். இப்படி விசாரித்துத்தான் ஜெயலட்சுமியை எனக்கு முடித்துவைத்தார். முசிறியில் எங்கள் வீட்டிலிருந்து போன எந்தப் பெண்ணும் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பி வந்ததில்லை. இந்த ராஜமாணிக்கம் வீட்டுச் சம்பந்தம் என்றால் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

அதனால் என் ஒரே மகள் உமா மகேஸ்வரி, சென்னையில் தன்னோடு வேலை பார்க்கும் கௌதம் என்ற பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோது நான் சத்தம் போடவில்லை. விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். பையனுக்கு ஊர் போர்ட் பிளேர். அப்பா முருகையா, மாயாபந்தரில் அரசாங்கப் படகுக்கு எஞ்சின் டிரைவர். அம்மா வசந்தகுமாரி, போர்ட் பிளேரில் டீச்சர். அங்கே மின்னி பே என்ற இடத்தில் வீடு. பூர்வீகம் எது என்று கேட்டேன்.

“இலங்கைத் தோட்டத்திலேருந்து வந்தவங்கப்பா.”

“அதுக்கு முன்னாடி?”

“அது அவங்களுக்கே தெரியாதாம்” என்றாள், குடையை எங்கே வைத்தோம் என்று தெரியாததைப் போல.

ஆவணி பத்தாம் தேதி நிச்சயதார்த்தம் என்று ஜெயலட்சுமி மண்டபத்துக்குச் சொல்லிவைத்துவிட்டாள். அதற்குள் நான் சரி என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். கடலுக்கு நடுவில் ஆள் தெரியாத ஊரில் யாரைக் கேட்பது? அந்தச் சமயத்தில்தான் திருச்சி கம்பெனிக்காரர்கள் கூப்பிட்டார்கள். குடிநீர் வாரியத்தில் செயற்பொறியாளராக ஓய்வு பெற்ற பிறகு அவர்களுக்கு அவ்வப்போது ஆலோசகராகப் போய்வருவேன். போர்ட் பிளேரில் குழாய் பதிக்கிறார்கள், இணைப்புகளைச் சோதிக்க மூன்று மாதம் ஒருவர் அங்கேயே இருக்க வேண்டும், மழைக்காலம் என்பதால் எல்லோரும் மறுக்கிறார்கள் என்றார்கள். அவர்கள் சொல்லி முடிப்பதற்குள் நான் சரி என்றேன். என் உழைப்பைப் பாராட்டினார்கள். எனக்கு அங்கே இரண்டு வேலை இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

எனக்கு அந்த ஊரைப் பிடிக்கவில்லை. சமதளமாக நூறு அடி நடக்க முடியாது. ஏறினால் ஏற்றம், இறங்கினால் கடல். மாலை ஆறு மணிக்கெல்லாம் வெளிச்சம் போய்விடுகிறது, யாரோ சுவிட்சை அணைத்ததைப் போல. ஊருக்குப் பெயர் மாற்றிப் பலகையெல்லாம் வைத்திருக்கிறார்கள்; பழைய பெயரைச் சொல்லாமல் ஒருவரும் வழி சொல்வதில்லை. தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வருகிறது. பதில் சொன்னவன் நம் ராமநாதபுரத்துக்காரனாக இருக்கிறான். எந்த ஊர் என்று கேட்டால் “லோக்கல்” என்கிறான். லோக்கல் என்று ஒரு ஊர் உண்டா? அப்பன் பாட்டன் எங்கிருந்து வந்தான் என்பதைச் சொல்ல ஒருவனுக்கும் அவசரமில்லை. நான் பேசிய பெங்காலியும் தெலுங்கரும் மலையாளியும் எல்லோரும் அதே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள்.

டாலிகஞ்சில் சின்னச் சின்னக் கடைகளுக்கு மேலே ஒரு மாடி அறை கொடுத்திருந்தார்கள். நாலு மணிக்கு வேலை முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். ஊர் சுற்றிப் பார்க்க வந்தவன் இல்லை நான். ஆனால் ஒரு வீட்டை விசாரிக்க வேண்டுமானால் முதலில் ஊரைப் படிக்க வேண்டும். எந்தத் தெருக்காரர் எந்தக் கடைக்கு வருகிறார், எங்கே உட்கார்ந்து பேசுகிறார்கள், யார் வாயாடி, யார் அளந்து பேசுகிறவர் என்பதெல்லாம் தெரிய வேண்டும். ஜங்கிலிகாட் மீன் மார்க்கெட், அபர்தீன் பஜார், மணிக்கூண்டு, ஹாடோ துறைமுகச் சுவர் என்று மூன்று வாரம் நனைந்துகொண்டே நடந்தேன். கேட்டவர்களிடம் டூரிஸ்ட் என்றேன். என்னை யாருக்கும் தெரியாது என்று நம்பினேன்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் கௌதம் சென்னையிலிருந்து போன் செய்வான்.

“அங்கிள், அம்மா உங்களை நாளைக்குச் சாப்பிட வரச் சொன்னாங்க. மீன் சாப்பிடுவீங்களா, இல்ல சைவமானு கேட்டாங்க.”

“வேலை இருக்கு தம்பி” என்பேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் அதையே கேட்பான், நான் அதையே சொல்வேன்.

நாலாவது வாரம் மின்னி பேயில் ஒரு மளிகைக் கடையில் போய் நின்றேன். கடைக்காரர் பெயர் ஜெயமணி, விருதுநகர்ப் பக்கம். துவரம்பருப்பு கால் கிலோ கேட்டுவிட்டு, எதிர்ச்சரிவில் இருந்த வீடுகளைக் காட்டி அங்கே ஒரு டீச்சர் இருக்கிறாராமே என்று ஆரம்பித்தேன்.

“வசந்தா டீச்சரா? அந்தா, பச்சை கேட்டு. தங்கமான டீச்சர் சார். என் பொண்ணு அவங்ககிட்டதான் படிக்குது.”

“வீட்டுக்காரர்?”

“அவருக்கு மாயாபந்தர்ல டூட்டி. மாசத்துக்கு ஒருக்கா வருவார். வந்தா தேங்கா, கருவாடுன்னு மூட்டையோடதான் வருவார்.”

“அங்க சாப்பாட்டுக்கு என்ன பண்றார்?”

“யாரோ ஒரு அம்மா சமைச்சுப் போடுதாம் சார். வீட்டோடவே இருக்குதாம்.”

“வீட்டோடவா? சமைக்க மட்டும்தானா?” என்று கேட்டுச் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை நான் வேண்டுமென்றே சிரித்தேன். விசாரணையில் அது ஒரு முறை. நாம் சிரித்தால் எதிரே இருப்பவனும் சிரித்து, உள்ளே அடைத்துவைத்ததைக் கொட்டிவிடுவான். முப்பது வருஷம் கான்ட்ராக்டர்களிடம் அப்படித்தான் உண்மையைக் கறந்தேன். ஜெயமணி சிரிக்கவில்லை. பருப்புப் பொட்டலத்தைக் கட்டுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

“அது நமக்கு என்னா தெரியும் சார்?”

அவரை நான் ஒரு வாயாகக் கணக்கில் சேர்க்கவில்லை. துப்பு கிடைத்தது, அவ்வளவுதான். இனி மூன்று வாயைக் கேட்க வேண்டும். ஒன்றோடு ஒன்று சம்பந்தமில்லாத மூன்று இடங்களில்.

பத்து நாள் விட்டு முதல் வாயைக் கேட்டேன். சுதாகர், எங்கள் டாலிகஞ்ச் சைட்டில் ஸ்டோர் கீப்பர். மாயாபந்தரில் முருகையா என்று ஒரு படகு டிரைவர், கேள்விப்பட்டிருக்கிறாயா என்றேன். அவன் ரிஜிஸ்டரை மூடிவிட்டுப் பல்லைக் காட்டினான்.

“அந்த டீச்சர் வீட்டுக்காரர்தானே சார்? அவருக்கு அங்க ஒரு செட்டப் இருக்குன்னு பேச்சு.”

“யார் சொன்னா?”

“யாராச்சும் சொல்லணுமா சார்? போர்ட் பிளேர்ல எல்லாருக்கும் எல்லாம் தெரியும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் அன்றைக்கே காதில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

இரண்டாவது வாய் ஜங்கிலிகாட்டில் முடிவெட்டும் ஒரு தெலுங்குக்காரர். கன்னத்தில் சோப்பு நுரையோடு நான் பெயரைச் சொன்னதும் கத்தி நின்றது. “மாயாபந்தர் மே உஸ்கா தூஸ்ரா கர் ஹை, சாப்” என்றார். எனக்குப் புரியாமல் போய்விடுமோ என்று தமிழிலும் சொன்னார்: “இன்னொரு வூடு. பெரிய பெரிய ஆளுங்களே பேசுறாங்க, சாப்.”

மூன்றாவது, முருகன் கோயில் வாசலில் பூ விற்கும் அங்கம்மா. நான் பாதிதான் கேட்டேன். மீதியை அவளே எடுத்துக்கொண்டாள்.

“பாவம் அந்த டீச்சரம்மா. வெள்ளிக்கிழமை பூ வாங்க வந்துச்சு, எனக்கு அது முகத்தைப் பாக்கவே முடியல. புருஷங்காரன் அங்க ஒருத்தியோட குடும்பம் நடத்துறானாமே! கைப்புள்ளகூட இருக்காம்.”

மூன்று வாய். டாலிகஞ்ச், ஜங்கிலிகாட், கோயில் வாசல். மூன்று தொழில். இதற்கு மேல் என்ன வேண்டும்? என் உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டாவது குடும்பம் வைத்திருப்பவன் வீட்டுக்கு என் பெண்ணா? நாளைக்கு அந்தக் கைக்குழந்தை என் பேரனுக்குச் சித்தப்பன் என்று வந்து நிற்கும். வீட்டுக்காரி ஒன்றும் தெரியாதவள் போல ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்புக்கு ஆள் கூப்பிடுகிறாள்! கோயில் படியில் நின்றே ஜெயலட்சுமிக்குப் போன் போட்டேன்.

“மண்டபத்தை வேண்டாம்னு சொல்லிடு.”

“என்னங்க ஆச்சு?”

“காரணம் வாயால சொல்ற மாதிரி இல்ல. நேர்ல சொல்றேன். என் சொல் முடிஞ்ச சொல்.”

அரைமணி நேரத்தில் உமா கூப்பிட்டாள். அழவில்லை. என் மகள், அழமாட்டாள்.

“என்ன குறைப்பா கண்டீங்க?”

“பெத்த பொண்ணுகிட்டப் பேசற பேச்சில்ல அது.”

“ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நீங்க அவங்க வீட்டுக்குப் போனீங்களா?”

“போக வேண்டிய அவசியமில்ல.”

“பக்கத்துத் தெருவுல ரெண்டு மாசம் இருந்துட்டு, அவங்க வாசலை மிதிக்காமலே முடிவு பண்ணிட்டீங்க” என்று சொல்லி வைத்துவிட்டாள். என் வீட்டில் என் பேச்சு முடிவதற்குள் போனை வைத்தது அதுதான் முதல் தடவை.

அடுத்த வாரம் மாயாபந்தரில் ஒரு பம்ப் ஹவுஸைப் பார்த்துவரக் கம்பெனி சொன்னது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். முருகையாவின் வீட்டு வாசலில் நின்று, என் கண்ணால் பார்த்துவிட்டு, அவன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வருவது என்று முடிவு செய்தேன். போனில் உறவை வெட்டுவது கோழைகளின் வேலை.

விடியும் முன் பஸ். காட்டுக்குள் போகும் முன் செக்போஸ்டில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி மொத்தமாக அனுப்புகிறார்கள். அப்புறம் பஸ்ஸையே படகில் ஏற்றிக் கடலைக் கடக்கிறார்கள். வழி முழுக்க மழை. சொல்ல வேண்டிய வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போனேன். இறங்கும்போது இடுப்பு ஒடிந்திருந்தது, கோபம் அப்படியே இருந்தது.

முருகையாவின் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமம் இல்லை. படகுத்துறை ஜெட்டியில் கேட்டதும் ஒருவன் கையைக் காட்டிவிட்டு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். தகரக் கூரை வீடு. வாசலில் ஒரு கிழவி கருவாட்டை மழைக்குப் பயந்து உள்ளே எடுத்துக்கொண்டிருந்தாள். தலை முழுக்க வெள்ளை. கழுத்தில் ஒன்றும் இல்லை. என்னைக் கண்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“வாங்க. சம்பந்தி ஐயாங்களா? தம்பி போட்ல டிக்லிபூர்ப் பக்கம் போயிருக்குங்க. நாளைக்கித்தான் வரும்.”

“நீங்க யாரு?”

“நான் அதோட அக்காங்க. வேலாயி.”

“இந்த வீட்ல வேற யாரு இருக்கா?”

“வேற யாருங்க? அதும் நானுந்தான்.”

நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். நான் சொம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் என் கையையே பார்த்தாள்.

“குடிக்க மாட்டீங்களா? இந்தக் கை தண்ணி ஆவாதோ? எனக்கும் காதுல விழுந்துச்சுங்க. ஜெட்டியில டிக்கெட் கிழிக்கிறவ வந்து கேக்குறா, ‘ஏன் வேலாயி, முருகையா உனக்கு நெசமாவே தம்பிதானா, இல்ல வேற மாதிரியா’ன்னு. போர்ட் பிளேர்ல அப்புடிப் பேசிக்கிறாங்களாம். கைப்புள்ளகூட இருக்குதாம் எனக்கு. அறுவத்தஞ்சு வயசுல!”

நான் சொம்புக்குள் இருந்த தண்ணீரைப் பார்த்தேன்.

“ஆத்தா செத்தப்போ அதுக்கு நாலு வயசுங்க. நான்தான் தூக்கி வளத்தேன். சிலோன்லேருந்து கப்பல் ஏறுனப்பவும் என் கையைப் புடிச்சுக்கிட்டுதான் வந்துச்சு. கச்சால் தீவுல ரப்பர் பால் வெட்டி அதைப் படிக்க வச்சேன். சுனாமி அலை வந்தப்போ என் வூட்டுக்காரரு, ரெண்டு பொண்ணு, வூடு, சாமி கும்புட்ட எடம், எல்லாம் போயிருச்சு. அதுதான் வந்து என்னைக் கூட்டியாந்து இருவது வருசமா வச்சுச் சோறு போடுது. அதுக்குக் கெடச்ச பேரப் பாத்தீங்களா?”

அவள் அழவில்லை. கருவாட்டுத் தட்டைக் காலால் ஓரமாகத் தள்ளினாள். குரல் உயர்ந்தது.

“எந்த வாய்லேருந்து அது மொதல்ல வந்துச்சோ, அந்த வாய் புழுத்துப் போவும்!”

“ஆமாம்மா” என்றேன். “அவன் யாருன்னு நான் கண்டுபிடிக்கிறேன். விடமாட்டேன்.”

சொல்லிவிட்டுச் சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன்.

மறுநாள் பம்ப் ஹவுஸைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில் முழுக்க அந்த ஒருவனைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஒரு விதவையை, தாயாக நின்ற அக்காளை, இப்படிப் பேசிய நாக்கு எது? அதனால் என் சொல்லும் அல்லவா பொய்யாகிவிட்டது? வந்து இறங்கியதும் அறைக்குக்கூடப் போகாமல் நேராகச் சைட்டுக்குப் போனேன். சுதாகர் என் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

“முருகையா விஷயம் உனக்கு யார் சொன்னா? பேரைச் சொல்லு.”

“ஐயோ சார், நான் சும்மா... ஜங்கிலிகாட்ல முடி வெட்டப் போனேன், அங்க பேசிக்கிட்டாங்க.”

எனக்கு முகம் மழித்த அதே கடை. முதல் வாயும் இரண்டாவது வாயும் ஒரே வாய். அங்கிருந்தே ஆட்டோ பிடித்தேன். தெலுங்குக்காரர் வேறொருவர் தலையைப் பாதியில் விட்டுவிட்டுக் கையைக் கூப்பினார்.

“நான் இல்ல சாப். கோயில்ல பூ விக்கிற அம்மா இருக்கு, அது என் பீவிகிட்ட, பெஞ்சாதிகிட்ட, சொல்லிச்சு.”

அங்கம்மா மூன்றாவது வாய். மழைக்குப் பிளாஸ்டிக் தாளைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். யாரிடமும் இவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

“யாரும்மா உனக்குச் சொன்னது?”

“என் மருமகன்தான் சார். எதுக்கு இப்படிக் கத்துறீங்க? மின்னி பேயில மளிகைக் கடை வச்சிருக்கானே, ஜெயமணி, அவன்தான்.”

ஜெயமணி! எனக்கு எல்லாம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். அந்தப் பார்வை, அந்தப் பதவிசான பதில், எல்லாம் நடிப்பு. மின்னி பேக்கு இறங்கும் சரிவில் இரண்டு தடவை சறுக்கினேன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

“டீச்சர் வீட்டைப் பத்தி அசிங்கமா ஊரெல்லாம் பரப்பினது நீதானே? அவங்ககிட்ட உன் பொண்ணு படிக்குதுன்னு சொன்னே. உனக்கு வெக்கமா இல்ல?”

ஜெயமணி தராசிலிருந்து கையை எடுத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது.

“என்னா சார் இது? நீங்கதானே சார் கேட்டீங்க?”

“நான் என்ன கேட்டேன்?”

“‘சமைக்க மட்டும்தானா’ன்னு கேட்டுச் சிரிச்சீங்க. இதே எடத்துல நின்னு. நீங்க டீச்சர் மகனுக்குப் பொண்ணு குடுக்கப்போற மெயின்லேண்ட் எஞ்சினியர்னு இங்க எல்லாருக்கும் தெரியும். சம்பந்தியே இப்படிக் கேக்குறாருன்னா உள்ளுக்குள்ள ஏதோ இல்லாமலா கேப்பாருன்னு மாமியார்கிட்டச் சொன்னேன். தப்புத்தான். ஆனா நானா ஒண்ணும் சேத்துச் சொல்லல சார். கைப்புள்ளயெல்லாம் வழியில சேந்தது.”

கடையில் நின்றவர்கள் என்னையே பார்த்தார்கள். ஒருவர் இருமினார்.

நான் கேட்ட கேள்வி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மூன்று வாயாக மாறி என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. நான் அதை எடைபோட்டு, உண்மை என்று முத்திரை குத்தி, என் மகளின் கல்யாணத்தை நிறுத்தியிருக்கிறேன். ஒருவரை ஒருவர் அறியாத மூன்று பேர் முசிறிச் சந்தையில் கிடைப்பார்கள். இந்த ஊரில் கிடைக்கமாட்டார்கள். அதை இரண்டு மாதம் தெருத் தெருவாக நடந்தும் நான் கற்கவில்லை. கிழவி சபித்தபோது ஆமாம் என்று சொன்ன வாயும் இந்த வாய்தான்.

விசாரிப்பது தவறு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். பெண்ணைப் பெற்றவன் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சிரிப்பு? அதற்கு என் தகப்பனார் பொறுப்பல்ல. அது என்னுடையது.

பச்சை கேட்டுக்கு முன்னால் போய் நின்றேன். வசந்தகுமாரி வராந்தாவில் உட்கார்ந்து பரீட்சைத் தாள்கள் திருத்திக்கொண்டிருந்தார். ஒல்லியான உருவம், மூக்கில் கண்ணாடி. என்னை நிமிர்ந்து பார்த்தார். வாங்க என்று சொல்லவில்லை. அறுபத்து நாலு வயதில் அந்த ஒரு சொல் இல்லாமல் ஒரு வாசலில் நான் நின்றது அன்றைக்குத்தான்.

“நான் உமாவோட அப்பா” என்றேன்.

“தெரியும் சார். ஜூன் மூணாம் தேதி காலை ஃப்ளைட்ல வந்தீங்க. உங்க பக்கத்து சீட்ல வந்தவர் எங்க ஸ்கூல் பியூனோட மச்சான். டாலிகஞ்ச்ல மாடி ரூம். சாயங்காலம் குடை எடுத்துக்கிட்டு நடப்பீங்க. நாலாவது வாரம் எங்க தெருக் கடையில கால் கிலோ துவரம்பருப்பு வாங்கினீங்க.” கண்ணாடியைக் கழற்றித் தாள்களின் மேல் வைத்தார். “எட்டு ஞாயித்துக்கிழமை உங்களுக்குன்னு தனியாச் சமைச்சேன் சார். மீனு ஒரு பக்கம், சைவம்னா கஷ்டமேன்னு சாம்பார் ஒரு பக்கம்.”

“அம்மா, நான் விசாரிச்சது...”

“விசாரிங்க சார். யார் வேண்டாம்னா? எங்களுக்குப் பூர்வீகம் தெரியாது, குலதெய்வம் எந்த ஊர்னு தெரியாது. கேட்டா அதையும் சொல்லியிருப்பேன். படியேறி வந்து என் மூஞ்சிக்கு நேரா, ‘உன் புருஷன் ஒழுங்கா’ன்னு கேட்டிருந்தாக்கூட பதில் சொல்லியிருப்பேன். போன வாரம் ஸ்டாஃப் ரூம்ல ஒரு டீச்சர் என் தோள்ல கை வச்சு, ‘தைரியமா இரு வசந்தா’ன்னு சொன்னா. எதுக்குன்னே எனக்குத் தெரியல சார். தேங்க்ஸ்னு சொல்லிட்டு வந்தேன்.”

அப்போது அவர் குரல் உடைந்தது. உடைந்ததற்காக அவருக்கே கோபம் வந்து, சிவப்பு மை பேனாவை மேஜையில் அறைந்தார்.

“நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கிறேன்” என்றேன். இந்த வாக்கியத்தை என் வாழ்க்கையில் யாரிடமும் சொன்னதில்லை.

“என்கிட்ட எடுத்து என்ன பிரயோஜனம்? எங்க போட்டீங்களோ அங்க போய் எடுங்க.”

“எடுக்கிறேன்.”

“கல்யாணத்துக்கு நான் குறுக்க நிக்கமாட்டேன். அது புள்ளைங்க பேச்சு. உமா நல்ல பொண்ணு. ஆனா ஒண்ணு. எங்க வீட்டுக்குப் பெரியவங்க எங்க அண்ணி, இவரோட அக்கா. நிச்சயத் தட்டை அவங்கதான் வாங்குவாங்க. உங்க ஊர்ல, உங்க ஜனங்க முன்னாடி, உங்க கையால அவங்க கையில நீங்க குடுக்கணும். முடியும்னா சொல்லுங்க. முடியாதுன்னா இங்கேயே முடிச்சுக்கலாம்.”

எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. எங்கள் வழக்கத்தில் தட்டு மாற்றுவது ஆண்கள். பெண்கள் வாங்கினாலும் சுமங்கலி வாங்க வேண்டும். தாலி இழந்தவள் கையில் தட்டைக் கொடுப்பதை முசிறியில் யாரும் பார்த்ததில்லை. என் சகலை, பங்காளிகள், மாமன் மச்சான் எல்லோரும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பார்கள். நிபந்தனை அநியாயமாக இருந்திருந்தால் கேட்டைச் சாத்திவிட்டு வந்திருப்பேன். நியாயமாக இருந்தது. அதனால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

“குடுக்கிறேன்” என்றேன். அப்போதும் அவர் உட்காரச் சொல்லவில்லை.

திரும்ப ஜெயமணி கடைக்கு ஏறினேன். கூட்டம் கலைந்திருக்கவில்லை, எனக்காகவே நின்றதைப் போல இருந்தது. மாயாபந்தர் வீட்டில் இருப்பது முருகையாவின் அக்காள், அவரை வளர்த்தவர், நான் கேட்டது கேவலமான கேள்வி என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். அங்கிருந்து ஜங்கிலிகாட். அங்கிருந்து கோயில் வாசல். மறுநாள் காலை சைட்டில் சுதாகரையும் கூலியாட்களையும் நிறுத்திவைத்துச் சொன்னேன். எந்த இடத்திலும் குரலைத் தாழ்த்தவில்லை. அங்கம்மா மட்டும் முகம் வாடினாள். “அப்ப கைப்புள்ளயும் இல்லையா?” என்றாள், யாரோ தன்னிடம் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டதைப் போல.

அன்று மாலை ஜெயலட்சுமியைக் கூப்பிட்டு, மண்டபத்தைத் திரும்பக் கேட்கச் சொன்னேன்.

“நான் வேண்டாம்னு சொல்லவே இல்லையே” என்றாள். “உங்க கோபத்தை நாப்பது வருஷமாப் பாக்கறேன். ஒரு வாரம் பொறுக்கலாம்னு இருந்தேன்.” அதற்கும் கோபம்தான் வந்தது.

ஆவணி பத்தாம் தேதி முசிறியில் மண்டபம் நிறைந்திருந்தது. முருகையா வெள்ளை வேட்டியில் ஓரமாக நின்றார். என்னிடம் வந்து கை கூப்பினார், பேசவில்லை. பேசாமல் இருந்தது அவர் பெருந்தன்மை. வேலாயி புதுச் சேலையில், தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று தெரியாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். புரோகிதர் தட்டை எடுத்து நீட்டி, மாப்பிள்ளைக்குத் தகப்பனாரைக் கூப்பிட்டார். நான் தட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன். மேடையை விட்டு இறங்கினேன். நாற்காலிகளுக்கு நடுவே கடைசி வரிசைவரைக்கும் நடந்து, வேலாயி முன்னால் போய் நின்றேன்.

“எந்திரிங்கம்மா. வாங்கிக்குங்க.”

“ஐயோ, நானுங்களா? நான் தொடலாமுங்களா?” என்று அவர் பின்னால் நகர்ந்தார். நான் தட்டை நீட்டியபடியே நின்றேன். வசந்தகுமாரி மேடையருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். உமாவும் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் வேலாயி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மண்டபத்தில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. என் சகலை எழுந்து வந்து என் முழங்கையைப் பிடித்தார். எங்கள் பக்கத்தில் எந்தச் சம்பந்தமானாலும் முதலில் விசாரிக்கக் கிளம்புகிறவர் அவர்தான்.

“என்னங்கண்ணே இது? அந்த அம்மா யாரு? தாலி இல்லாதவங்க கையில... உங்க குடும்பத்துல இப்படி நடந்ததே இல்லையே. என்ன விஷயம்?”

கையை உதறினேன்.

“விஷயம் இருக்கு” என்றேன். “விசாரிக்காதே.”